ஏடும் எச்சமும்: யோர்விக் நகரின் புழங்கு பொருள்கள்

வரலாற்றை எழுதுவோர் வென்றவர் என்பது உலக வழக்கு. வட ஐரோப்பாவின் வைக்கிங்கர் வகையில் இவ்வழக்குத் தலைகீழாயிற்று. வென்றவர் அவர்; எழுதியவர் தோற்றவர். கி.பி. 793-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையிலுள்ள லிண்டிஸ்பார்ன் தீவின் மடாலயத்தை அவர்கள் கொள்ளையிட்டனர். அன்று தொட்டு அவர்களைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் துறவிகளே. கொள்ளையிட வந்தவரோ கல்லிலும் மரத்திலும் ரூன் எழுத்துகளால் சில சொற்களைப் பொறித்ததோடு நின்றவர். ஐஸ்லாந்தில் எழுந்த வீரக்கதைகளும் பெரும்பாலும் பதின்மூன்றாம் நூற்றாண்டில், கிறித்தவராகிவிட்ட வழித்தோன்றல்களால் எழுதப்பட்டவை. ஆகவே ஒரு தரப்பின் வாதத்தை மட்டும் கேட்டே நெடுங்காலம் தீர்ப்பு வழங்கப்பட்டு வந்தது.

இவ்வழக்கில் இரண்டாவது சாட்சி மண்ணுக்குள்ளிருந்து வந்தது. 1976 முதல் 1981 வரை இங்கிலாந்தின் யார்க் நகரில் நடைபெற்ற அகழ்வாய்வில் சீப்பு, கிண்ணம், செருப்பு, காலுறை, பூட்டு, சாவி, தக்களி வட்டு எனப் பல்லாயிரம் புழங்கு பொருள்கள் வெளிப்பட்டன. ஏடு கூறாத ஒரு நகர வாழ்வை அவை கூறின. ஏட்டுக்கு உள்நோக்கம் உண்டு, பொருளுக்கு உள்நோக்கம் இல்லை, ஆதலின் பொருளே மெய்ச்சாட்சி என்ற எண்ணமும் உடன் வளர்ந்தது. அவ்வெண்ணம் முற்றும் சரிதானா? பொருளின் சாட்சியம் எதுவரை செல்லும், எங்கே நின்றுவிடும் என்பதை ஆராய்வது தகும்.

கிண்ணக்காரர் தெரு

யார்க் நகரை உரோமர் எபோராக்கம் என்றனர். ஆங்கிலேயர் ஏயோஃபோர்விக் என்றனர். வடநாட்டார் யோர்விக் என்றனர். கி.பி. 866-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள், புனிதர் அனைவர் திருநாளன்று, டேனியப் பெரும்படை ஒன்று நகரைக் கைப்பற்றியது. மறு ஆண்டு நகரை மீட்க வந்த நார்தம்பிரிய அரசர் இருவர் மாண்டனர். 876-ஆம் ஆண்டில் ஹால்ப்டான் என்னும் தலைவன் அந்நாட்டு நிலத்தைத் தன் வீரர்க்குப் பங்கிட்டான். அவர்கள் உழுது வாழத் தலைப்பட்டனர் என்று ஆங்கிலோ-சாக்சன் ஆண்டுக்குறிப்பு கூறுகிறது. 954-ஆம் ஆண்டில் எரிக் என்னும் அரசன் துரத்தப்பட்டதோடு வடநாட்டார் ஆட்சி முடிவுற்றது. ஏடு தரும் செய்தி ஏறத்தாழ இவ்வளவே: படை வந்தது, அரசர் மாண்டனர், நிலம் பங்கிடப்பட்டது, ஆட்சி போயிற்று.

அகழ்வாய்வு நடந்த தெருவின் பெயர் காப்பர்கேட். இன்றைய ஆங்கிலத்தை மட்டும் அறிந்தவர் இதனைச் 'செம்பு வாயில்' என்று பொருள் கொள்வர். அது பிழை. பழைய வடமொழியில், அதாவது ஸ்காண்டிநேவியரின் பழைய மொழியில், கிண்ணம் செய்வோரைக் குறித்த சொல்லே 'காப்பர்' என்று திரிந்தது. 'கேட்' என்பது தெருவைக் குறித்த 'காட்டா' என்ற சொல்லின் திரிபு. ஆகவே அது கிண்ணக்காரர் தெரு. ஆயிரம் ஆண்டு மக்கள் நாவில் நின்ற பெயருக்கு மண் சான்று அளித்தது. மரத்தைக் கடைந்து கிண்ணம் செய்தபோது நடுவிலிருந்து கழிந்த கூம்பு வடிவத் துண்டுகள் அங்கே மிகுதியாகக் கிடைத்தன. சொல்லாராய்ச்சியும் மண்ணாராய்ச்சியும் ஒன்றற்கொன்று கைகொடுத்த இடம் இது. தமிழாசிரியர்கள் இதனைச் சிறப்பாகக் கருத இடமுண்டு.

ஒரு மிட்டாய்த் தொழிற்சாலை இருந்த மனையில் யார்க் தொல்பொருள் அறக்கட்டளையினர் இவ்வாய்வை நடத்தினர். ஏறத்தாழ நாற்பதாயிரம் தனிப்பொருள்களும், இரண்டரை இலட்சம் மட்பாண்ட ஓடுகளும், ஐந்து டன் விலங்கெலும்பும் கிடைத்தன. மற்ற இடங்களில் இரும்பும் எலும்பும் ஓடும் மட்டுமே எஞ்ச, இங்கே மரமும் தோலும் துணியும் விதையும் பூச்சியின் சிறகும் கூட எஞ்சியது ஏன்? அம்மண் ஈரம் ஊறியது, காற்றுப் புகாதது. காற்றில்லாத இடத்தில் மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் பெருகுவதில்லை. வேறிடத்தில் சில ஆண்டுகளில் அழிந்திருக்கும் பொருள் இங்கே ஆயிரம் ஆண்டு கிடந்தது.

படலும் பலகையும்

பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அத்தெரு நீண்டு ஒடுங்கிய மனைகளாகப் பிரிக்கப்பட்டது. குச்சிகளைப் பின்னிய படல் வேலிகள் மனைக்கு மனை எல்லையாயின. படலாலேயே சுவர் எழுப்பிய சிறு வீடுகள் தெருவை நோக்கி நின்றன. 975-ஆம் ஆண்டையொட்டிப் பழைய வீடுகள் நீங்கி, நிலத்தைத் தோண்டி ஓரளவு உள்ளிறக்கிய பலகைச் சுவர்க் கட்டடங்கள் எழுந்தன. வீடுகள் மாறின, மனை எல்லைகளோ அசையவில்லை. கொள்ளைக் கூட்டத்தின் பாசறையில் எல்லை வேலி தலைமுறை தலைமுறையாக அதே கோட்டில் நிற்பதில்லை. உரிமை மதிக்கப்பட்ட இடத்தில்தான் வேலி நிலைக்கும். அங்கே கிடைத்த பூட்டுகளும் சாவிகளும் இதற்குத் துணைச் சான்று. காக்க வேண்டிய உடைமையும், அதனைக் கவரக்கூடிய அயலாரும் அத்தெருவில் இருந்தனர் என்பதே அவற்றின் பொருள்.

மனைதோறும் தொழில் நடந்தது. இரும்படித்தல், செம்பும் வெள்ளியும் உருக்குதல், அம்பர் என்னும் பழம்பிசினை மணியாக்குதல், தோல் தைத்தல், மரம் கடைதல் எனத் தொழில்கள் பல. மான்கொம்பை அறுத்துத் தகடாக்கி, தகடுகளை ஆணியால் இணைத்துப் பல் வகிர்ந்து சீப்புச் செய்தனர். நூல் நூற்ற தக்களி வட்டுகளும், பாவு நூலை இழுத்துப் பிடித்த சுடுமண் குண்டுகளும், சிவப்புச் சாயம் தரும் மஞ்சிட்டி வகைச் செடியின் எச்சமும் கிடைத்தன. சாயம் நூலில் பற்றுதற்கு உதவிய பாசியொத்த ஒரு செடி இங்கிலாந்தில் விளைவதன்று, ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்தது. ஒற்றை ஊசியால் பின்னிய கம்பளிக் காலுறை ஒன்று ஏறத்தாழ முழுமையாகக் கிடைத்தது. அப்பின்னல் முறை வடநாட்டாருடையது, இங்கிலாந்தில் அரிது. குளிரில் விறைத்த ஒரு காலுக்காக யாரோ பின்னிய அக்காலுறையை எந்த ஆண்டுக்குறிப்பும் குறிக்கவில்லை.

விளையாட்டும் இசையும் இல்லாமலில்லை. விலங்கெலும்பைத் தேய்த்துச் செய்த பனிச்சறுக்குக் கட்டைகளும், பலகையில் வைத்தாடும் காய்களும் கிடைத்தன. ஒரு சிறு மரத்துண்டில் வரிசையாகத் துளையிட்ட ஊதுகுழல் ஒன்று கிடைத்தது. ஆயிரம் ஆண்டுக்குப் பின் எடுத்து ஊதியபோதும் அது சுரம் எழுப்பியது.

சமயத்தைப் பற்றியும் ஒரு சிறு இரும்புத் துண்டு பேசுகிறது. நாணயம் அடிக்கும் அச்சு அது. கி.பி. 920-களில் யோர்விக்கில் அடிக்கப்பட்ட அவ்வகை வெள்ளிக் காசில் புனித பேதுருவின் பெயர் உண்டு. அதன் அருகே வாள் உண்டு. தோர் என்னும் வடநாட்டுத் தெய்வத்தின் சுத்தியல் வடிவமும் உண்டு. கிறித்தவருக்கும் பழஞ்சமயத்தாருக்கும் ஓயாத பகை என ஏடுகள் காட்டுகின்றன. காசோ இரு சாராரும் ஒரே சந்தையில் கைமாற்றிக்கொள்ளும்படி அடிக்கப்பட்டிருக்கிறது.

ஏடும் பொருளும் ஒத்துப் பேசுமிடம்

இதனால் ஏடுகள் அனைத்தும் பொய் என்று தள்ளுதல் கூடாது. பொருளின் துணையோடு மீண்டும் படித்தால், முன்னர்க் கவனியாது விட்ட வரிகள் கண்ணில் படுகின்றன. யார்க் நகரில் பயின்று அங்கேயே ஆசிரியராயிருந்த அல்குயின், லிண்டிஸ்பார்ன் கொள்ளையைப் பற்றி நார்தம்பிரிய அரசனுக்குக் கடிதம் எழுதினார். அக்கடிதத்தில் அவர் தம் நாட்டாரையும் கடிந்துரைக்கிறார்: மயிரையும் தாடியையும் அந்தப் புறச்சமயத்தாரைப் போலவே ஒப்பனை செய்துகொள்ள விரும்பினீர்களே என்பது அவர் குறை. நாகரிகத்தைப் பார்த்துப் பின்பற்றுதற்கு முன்பழக்கம் வேண்டும். ஆகவே கொள்ளைக்கு முன்னரே இரு நாட்டாரிடையே தொடர்பு இருந்திருத்தல் வேண்டும்.

வாலிங்போர்டு ஜான் என்பவரின் பெயரால் வழங்கும் பதின்மூன்றாம் நூற்றாண்டு ஆண்டுக்குறிப்பு மற்றொன்று கூறுகிறது. டேனியர் நாள்தோறும் தலைவாரினர், சனிக்கிழமைதோறும் நீராடினர், அடிக்கடி உடை மாற்றினர், இவ்வாறு ஆங்கிலப் பெண்களின் மனத்தைக் கவர்ந்தனர் என்பது அதன் குற்றச்சாட்டு. பழிக்க எழுதிய வரியே புகழுரையாகிவிட்டது. காப்பர்கேட் சீப்புகளைக் காணாதவர் இதனை வெறும் ஏளனம் என்று விட்டுவிடுவர்.

கி.பி. 1000-ஐ ஒட்டி பிர்ட்ஃபெர்த் என்னும் துறவி புனித ஆஸ்வால்டின் வாழ்க்கையை எழுதினார். அதில் யார்க் நகரம் எங்கிருந்தும் வந்த வணிகரின், சிறப்பாக டேனியரின், செல்வத்தால் நிறைந்தது என்கிறார். அங்கு முப்பதாயிரம் பேர் வாழ்ந்தனர் என்று அவர் கூறும் தொகை மிகை என்பது இன்றைய ஆய்வாளர் கருத்து. தொகை மிகையாயினும் செய்தி மெய்யே. சமர்க்கந்து நகரின் வெள்ளிக் காசைப் போல் செய்த கள்ளக் காசு ஒன்றும், செங்கடல் பகுதிக்குரிய சோழி ஒன்றும், பட்டுத் துணியால் தைத்த தலையணி ஒன்றும், நார்வே நாட்டுச் சாணைக்கற்களும், ரைன் ஆற்றுப் பகுதியின் திரிகைக் கற்களும் அம்மண்ணிலேயே கிடைத்துள்ளன. ஒரு துறவி பொதுவாகச் சொன்னதைப் பொருள்கள் ஊர் ஊராகப் பெயர் சொல்லிக் காட்டுகின்றன.

பொருளை மிகைப்படுத்தும் பிழை

ஆயினும் இங்கேதான் எச்சரிக்கை வேண்டும். சுவீடனில் ஹெல்கோ என்னும் தீவில் 1950-களில் ஒரு சிறு வெண்கலப் புத்தர் உருவம் கிடைத்தது. இந்தியத் துணைக்கண்டத்தின் வடமேற்கில் ஆறாம் நூற்றாண்டையொட்டி வார்க்கப்பட்டது அது. இதைக் கொண்டு வடநாட்டார் இந்தியா வரை கப்பலோட்டினர் என்று முடிவு கட்டுதல் ஆராய்ச்சியாகாது. பொருள் கைமாறிக் கைமாறி நெடுந்தொலைவு செல்லும். அதனைச் செய்தவரும் இறுதியில் வைத்திருந்தவரும் ஒருவரையொருவர் அறிந்திருக்க வேண்டுவதில்லை. யோர்விக்கின் சோழியும் அவ்வாறே. அது வழியைக் காட்டும். வழி நடந்தவரைக் காட்டாது.

பொருள் தன்னை வைத்திருந்தவரின் இனத்தையும் கூறுவதில்லை. காப்பர்கேட்டில் கிடைத்த மட்பாண்டங்கள் பெரும்பாலும் இங்கிலாந்திலேயே வனையப்பட்டவை. கிண்ணம் கடைந்தவன் டேனியனா, டேனிய மொழி பேசப் பழகிய ஆங்கிலேயனா, இரு குருதியும் கலந்தவனா என்பதைக் கிண்ணம் சொல்லாது. 'வைக்கிங் நகரம்' என்ற தொடரே சிக்கலானது. பழைய வடமொழியில் வைக்கிங் என்பது ஓர் இனத்தின் பெயரன்று. கடல்மேல் கொள்ளைக்குச் செல்பவனைக் குறித்த பெயர். தெருவில் அமர்ந்து சீப்புச் செய்தவனை அப்பெயரால் அழைப்பது பிற்கால வழக்கு.

அப்பிற்கால வழக்கு எத்தகைய மயக்கங்களைத் தரும் என்பதற்கு இரு சான்றுகள் போதும். கொம்பு வைத்த தலைக்கவசம் வைக்கிங்கரின் அடையாளமாகிவிட்டது. அத்தகைய கவசம் எந்த வைக்கிங் நகரிலும் கிடைக்கவில்லை. 1876-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் வாக்னரின் இசை நாடகத்திற்காக அமைத்த உடைகளே அவ்வுருவத்தைப் பரப்பின. 1982-ஆம் ஆண்டில் காப்பர்கேட்டில் மெய்யாகவே ஒரு தலைக்கவசம் கிடைத்தது. அதுவும் வைக்கிங்கருடையதன்று, எட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் செய்தது.

பொருளின் மௌனம்

1962-ஆம் ஆண்டில் பீட்டர் சாயர் என்னும் வரலாற்றறிஞர் 'வைக்கிங்கரின் காலம்' என்று பொருள்படும் பெயரில் ஒரு நூல் வெளியிட்டார். துறவிகள் படைகளின் பெருமையை மிகைப்படுத்தினர் என்பதும், அக்காலக் கொடுமைகளில் வைக்கிங்கர் கொடுமை தனித்ததன்று என்பதும் அவர் வாதம். ஏட்டை ஐயுற்றுப் படிக்க வேண்டும் என்று கற்பித்த வகையில் அந்நூல் செய்த தொண்டு பெரிது. அதன் பின்னர்க் காப்பர்கேட் கிடைத்தது. அகழ்ந்த இடத்திலேயே 1984-ஆம் ஆண்டில் யோர்விக் காட்சியகம் திறக்கப்பட்டது. புதுக்கி அமைத்த தெருவினூடே ஊர்தியில் அமர்ந்து, அக்காலத்து ஓசையும் நாற்றமும் உணர்ந்து செல்லும் புதுமுறையை அது கைக்கொண்டது. கொள்ளையன் மறைந்து கைவினைஞன் மக்கள் மனத்தில் அமர்ந்தான்.

இம்மாற்றத்தில் நன்மை உண்டு, குறையும் உண்டு. கண்டெடுத்தவற்றைக் காட்டுவதே கண்காட்சியின் இயல்பு. கண்டெடுக்க இயலாதவை நிழலில் நின்றுவிடும். அவற்றுள் தலையாயது அடிமை வாழ்வு. அயர்லாந்தின் அல்ஸ்டர் ஆண்டுக்குறிப்பு 871-ஆம் ஆண்டில் இருநூறு கப்பல்கள் ஆங்கிலேயரையும் பிரித்தானியரையும் பிக்தரையும் சிறைகொண்டு டப்ளினுக்குத் திரும்பின என்று கூறுகிறது. அவ்வளவு மக்களும் மண்ணில் விட்டுச் சென்ற தடம் எங்கே? ஹெடபி, பிர்கா போன்ற வடநாட்டு வணிக ஊர்களில் இரும்பு விலங்குகள் கிடைத்துள்ளன. அவை மிகச் சிலவே. அடிமைக்குச் சொந்தமாகச் சீப்பில்லை, பூட்டில்லை, பெயர் தாங்கிய காசில்லை. உடைமை இல்லாதவன் எச்சமும் இல்லாதவனாகிறான். அவனைப் பற்றிப் பேச ஏடு ஒன்றே உண்டு. அதுவும் பகைவரின் ஏடு. அதனைப் பகைவர் கூற்று என்று தள்ளிவிட்டால் அவன் இரண்டாம் முறையும் மறக்கப்படுவான்.

கைவினைத் தெருவை இன்பத் தெருவாகக் காட்டுவதும் மெய்யாகாது. இதற்குப் பொருள்களே மறுப்புக் கூறுகின்றன. மலக்குழிகள் கிணறுகளுக்கும் வீடுகளுக்கும் அண்மையில் இருந்தன. 1972-ஆம் ஆண்டில் அருகிலுள்ள ஒரு வங்கி மனையில் கிடைத்த, கல்போல் இறுகிய மலம் ஒன்றில் சாட்டைப் புழு, உருளைப் புழு ஆகியவற்றின் முட்டைகள் நிறைந்திருந்தன. உணவு மாவில் நச்சுத்தன்மையுள்ள களை விதைகளும் அரைபட்டு உள்ளே சென்றிருந்தன. சீப்புக் கிடைத்த மண்ணிலேயே பேனும் தெள்ளுப்பூச்சியும் கிடைத்தன. நாள்தோறும் தலைவாரியது தூய்மை விருப்பத்தால் மட்டுமன்று, தேவையாலும்தான்.

இரண்டையும் இணைத்த பாசறை

கொள்ளையனும் கைவினைஞனும் இருவேறு மாந்தர் என்று கொண்டதே இரு சாராரின் பொதுப் பிழை. இதனைப் போக்கிய சான்றும் புழங்கு பொருளிலிருந்தே வந்தது. காப்பர்கேட்டை ஆளவந்த அதே பெரும்படை 872-ஆம் ஆண்டின் குளிர்காலத்தை லிங்கன்ஷயரிலுள்ள டார்க்சி என்னும் ஊரருகே கழித்தது. அவ்விடத்தைச் சென்ற சில ஆண்டுகளில் ஆய்வாளர் விரிவாக ஆராய்ந்தனர். ஏறத்தாழ 55 ஹெக்டேர் பரப்புடைய பாசறை அது. சிலரே வந்தனர் என்ற வாதம் அதனால் தளர்ந்தது. ஆயிரக்கணக்கானோர் அங்கே தங்கினர். துண்டு துண்டாக வெட்டிய கொள்ளை வெள்ளியும், அரபுக் காசுகளும், எடைக்கற்களும் அங்கே கிடைத்தன. அவற்றோடு தக்களி வட்டு, ஊசி, தூண்டில் எடை, உலோகம் உருக்கிய எச்சம், ஈயத்தாலான ஆட்டக் காய் ஆகியனவும் கிடைத்தன. போர்ப் பாசறையில் நூல் நூற்றனர், மீன் பிடித்தனர், விற்றனர், வாங்கினர். பின்னர் டார்க்சி மட்பாண்டம் வனையும் ஊராயிற்று. அவ்வூர்ப் பாண்டங்கள் யோர்விக்கின் அடுக்களைகளில் உடைந்து காப்பர்கேட் மண்ணில் கிடந்தன.

கப்பற்பாயை எண்ணினும் இது விளங்கும். வடநாட்டார் கப்பலின் பாய் கம்பளியால் ஆனது. ஒரு பாய்க்கு வேண்டிய நூலை நூற்று நெய்ய ஒருத்தியின் உழைப்பாயின் சில ஆண்டுகள் செல்லும் என்று டென்மார்க்கில் கப்பல்களை மீண்டும் கட்டிப் பார்த்தோர் கண்டுள்ளனர். லிண்டிஸ்பார்ன் கரையில் இறங்கிய வாளுக்கு முன்னே வீட்டில் சுழன்ற தக்களி உண்டு. தக்களி வட்டைக் கண்டவுடன் அமைதி வாழ்வு என்று எழுதுவோர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஆகவே ஏடு, எச்சம் என்னும் இரண்டனுள் ஒன்றைக் கொண்டு மற்றொன்றைத் தள்ளுதல் திறனாய்வன்று. ஏடு எழுதியவன் அஞ்சியவன். அவன் அச்சம் மெய். பொருளைப் புழங்கியவன் உழைத்தவன். அவன் உழைப்பும் மெய். அஞ்சியவன் சுடுகின்ற வீட்டைக் கண்டானேயன்றிக் காலுறை பின்னிய கையைக் காணவில்லை. மண் காலுறையைக் காத்ததேயன்றி விலங்கிடப்பட்டுக் கப்பலேறியவனின் பெயரைக் காக்கவில்லை. வகுப்பறையில் ஒரு மக்களினத்தைக் 'கொடியவர்' என்றோ 'கைவல்லார்' என்றோ ஒரு சொல்லில் முடித்து மாணவர்க்குச் சொல்லுதல் எளிது. யோர்விக் தெருவின் சீப்பையும் அல்ஸ்டர் ஏட்டின் இருநூறு கப்பலையும் ஒருங்கே வைத்துக் காட்டுதல் அரிது. அந்த அரிய வேலையே வரலாறு கற்பிப்போர்க்கு உரியது.